ஒப்புதல் கொடுத்து வாங்கும் சிகிச்சை

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 24 வயது. பைபோலார் நோய்க்கு மூன்று ஆண்டுகளாகச் சிகிச்சை பெறுகிறான். நானும் கணவரும் சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றோம். அவன் கிரீன் கார்டில் இருக்கிறான். மருந்தை நிறுத்தியிருந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டான். அவருடைய மணிக்கட்டு முறிந்தது. உதவிக்கு 911ஐ அழைத்தவர்களே நாங்கள்தான். வந்த போலீசார் கைவிலங்கு மாட்டினார்கள். சிறையில் இரண்டு நாள் மருந்தே கொடுக்கவில்லை. இப்போது படுகாயம் விளைவித்த தாக்குதல் என்று ஃபெலனி (கடுங்குற்ற) வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு மனநல நீதிமன்றத்திற்குப் போனால் சிறை இல்லை, சிகிச்சை முடிந்ததும் வழக்கு தள்ளுபடியாகும் என்கிறார் வழக்கறிஞர். சம்மதிக்கலாமா? நோய் விவரம் வெளியே தெரிந்தால் அவன் திருமணம் தடைபடும் என்று பயமாக இருக்கிறது. வழக்கு முடிவதற்குள் ஊருக்கு அழைத்துப் போய், மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கவும் விரும்புகிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டப்படி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சொல் ‘கிரீன் கார்டு’. உங்களில் ஒருவராவது அவனுடைய 18 வயது நிறைவதற்குள் குடியுரிமை பெற்று, அப்போது அவன் கிரீன் கார்டுடன் உங்கள் பராமரிப்பில் வாழ்ந்திருந்தால், அவனும் தானாகவே குடிமகனாகியிருப்பான். இந்தப் பதிலுக்குத் தேவையே இருந்திருக்காது. இன்றைய நிலையில், தண்டனைத் தீர்ப்பு வந்தால் அவன் நாடு கடத்தப்படக்கூடியவன். போலீசார் நடந்துகொண்ட விதமும் மருந்து தரப்படாததும் தனி வழக்குக்கு உரியவை. அதற்கான இழப்பீட்டுக் கோரிக்கையை 6 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குற்ற வழக்கில் அது அவனைக் காப்பாற்றாது.

ஃபுளோரிடாவின் பிரவார்டு கவுண்டியில் 1997இல் தொடங்கிய மனநல நீதிமன்ற முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். சிறையில் சிதைந்திருக்க வேண்டிய பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல. சில நீதிமன்றங்கள் குற்ற ஒப்புதலை முதலில் வாங்கிக்கொண்டு பிறகே சிகிச்சைக்கு அனுப்புகின்றன. வேறு சில, ஒப்புதல் எதுவும் கேட்காமல் வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சையைத் தொடங்குகின்றன. அமெரிக்கக் குடிமகனுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். உங்கள் மகனுக்கு இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

1996இல் திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டப்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது எதிர்க்கவில்லை என்று சொல்லி, அல்லது குற்றத்தை நிலைநாட்டப் போதுமான உண்மைகளை ஏற்றுக்கொண்டு, அதன்மேல் நீதிபதி ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தாலே அது தண்டனைத் தீர்ப்புதான். ஓராண்டு சிகிச்சையை ஒழுங்காக முடித்து, நீதிபதி கைகுலுக்கி வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகும், குடிவரவுத் துறையின் கண்ணுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கும். தள்ளுபடி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நாடு கடத்தல் நோட்டீஸ் வந்த நிலையில் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வழக்கறிஞர்கள் பொய் சொல்லவில்லை. சிறை வேண்டாம் என்று குடும்பம் கேட்டதைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே ஒப்புதல் கொடுத்துப் போகும் வழிக்குச் சம்மதிக்காதீர்கள். கலிஃபோர்னியக் குற்றவியல் சட்டத்தின் 1001.36ஆம் பிரிவு, 2018 முதல், ஒப்புதல் இல்லாத மனநல டைவர்ஷனுக்கு, அதாவது வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்பும் முறைக்கு, வழி தருகிறது. கடந்த 5 ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டதற்கோ அதற்குச் சிகிச்சை பெற்றதற்கோ ஆவணம் வேண்டும். நோய்க்கும் சம்பவத்துக்கும் உள்ள தொடர்பை நீதிபதி ஏற்க வேண்டும். ஃபெலனி வழக்கில் காலம் 2 ஆண்டுவரை நீளலாம். தருவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு என்பதால் உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். குற்ற ஒப்புதலின் குடிவரவு விளைவை வழக்கறிஞர் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் படியா (Padilla) வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள்.

இந்த வழியிலும் ஒரு குழி இருக்கிறது. மனநல நிபுணரின் அறிக்கையில் ‘நான் அவரை அடித்தேன், அப்போது எனக்கு நிதானம் இல்லை’ என்று மகன் சொன்னதாக ஒரு வரி ஏறிவிட்டால், அல்லது போலீஸ் அறிக்கையிலுள்ள உண்மைகளை ஏற்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்தானால், ஒப்புதலே இல்லாத டைவர்ஷனும் குடிவரவு வழக்கில் ஒப்புதலாக வாதிடப்படும். ‘குற்றஞ்சாட்டப்பட்ட செயல்’ என்ற சொல்லோடு அறிக்கை நிற்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். மகன் மீண்டும் காவலுக்குப் போக நேர்ந்தால் சிறைத் தொலைபேசியில் சம்பவத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அழைப்புகள் பதிவாகின்றன, தமிழில் பேசினால் புரியாது என்று எண்ணிய குடும்பங்களை மொழிபெயர்ப்பாளர்கள் ஏமாற்றமடைய வைத்திருக்கிறார்கள்.

திருமணக் கவலைக்காகச் சிகிச்சை ஆவணங்களை மறைத்தால் டைவர்ஷன் கேட்க அடிப்படையே இருக்காது. ஊர்ப் பயணத்தையும் கைவிடுங்கள். நீதிமன்ற அனுமதி கிடைத்தாலும்கூட, திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அவனைப் புதிதாக நுழைய விண்ணப்பிப்பவனாக நடத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. குணசீலத்துப் பிரார்த்தனையை நீங்கள் போய் நிறைவேற்றுங்கள். அவன் இங்கேயே, மருத்துவர் பார்வையில் இருக்கட்டும்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர். அவர்மீது உங்களுக்குள்ள வருத்தங்களை விட்டுவிடுங்கள். அவருக்குக் கை முறிந்திருக்கிறது. மருத்துவச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பையும் கொடுக்க முன்வருவது நல்லது. அவர் எதிர்ப்பில்லாமல் இருந்தால் வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞரான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி தரப்பின் கடுமையும் பெரும்பாலும் குறையும். அந்தத் தொகை வழக்கறிஞர் மூலமாக, இழப்பீடாக மட்டுமே போக வேண்டும். சாட்சி சொல்ல வேண்டாம் என்ற பொருள்பட ஒரு சொல் கலந்தாலும் உங்கள்மீதே வழக்கு வரும். நேரில் மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள், குறுஞ்செய்தியும் அனுப்பாதீர்கள். அடுத்த வாய்தாவில் ஒப்புதல் தாளை நீட்டினால் கையெழுத்திடாமல் அவகாசம் கேளுங்கள்.