மெமிங்கனின் பன்னிரண்டாவது கோரிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தரங்கம்பாடிக்கு அருகே ஒரு லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். வருகிற அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாளன்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ரோமத் திருச்சபை சீர்கெட்டு, பாவமன்னிப்பைக் காசுக்கு விற்றது என்றும், மார்ட்டின் லுத்தர் அதை எதிர்த்து நின்று மனச்சாட்சியின் சுதந்திரத்தை மீட்டுத் தந்தார் என்றும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தேன். கல்லூரியில் வரலாறு படிக்கும் என் தங்கையோ, அந்தச் சீர்திருத்தம் ஒரு லட்சம் விவசாயிகளைப் பலிகொண்டது என்கிறாள். நான் எதைச் சொல்லட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தங்கை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். 1524-25இல் ஜெர்மனியில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சியில் மாண்டவர்கள் ஒரு லட்சம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு. கொன்றவை பிரபுக்களின் படைகள். ஆனால் கொல்லலாம் என்று அவர்களுக்கு எழுத்தில் துணிவு கொடுத்தவர் லுத்தர். அதற்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்டு வளர்ந்த காரணத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருச்சபையின் சீர்கேட்டைக் கண்டித்தவர்களில் லுத்தர் முதல்வரல்லர். இங்கிலாந்தில் விக்ளிஃப் அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்தார். பொஹீமியாவின் யான் ஹுஸ் அதற்காக 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அக்காலத்து ஜெர்மானியர் பக்தியில் குறைந்தவர்களுமல்லர். ஊர்தோறும் புனிதப் பயணங்கள் நடந்தன. செத்தவர்களுக்காகப் பூசை வைக்க மக்கள் சொத்தெழுதி வைத்தார்கள். லுத்தரைப் பின்னாளில் காத்த சாக்சனி மன்னர் ஃபிரடெரிக்கே விட்டன்பர்க் கோட்டைக் கோவிலில் ஆயிரக்கணக்கான புனிதப் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பக்தியின் அடியில் இருந்தது அச்சம். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் குற்றம் மன்னிக்கப்படும். ஆனால் அதற்குரிய தண்டனையின் மிச்சத்தை, இறந்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் அனுபவித்தே தீர வேண்டும். அந்த மிச்சத்தைக் குறைப்பதாகச் சொன்னதுதான் பாவமன்னிப்புச் சீட்டு. 1476இல் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் இந்தச் சலுகையை இறந்தவர்களுக்கும் நீட்டித்தபோது, மாண்டுபோன தாய் தந்தையரின் வேதனையைப் பிள்ளைகள் பணத்தால் குறைக்கலாம் என்று ஆயிற்று. பெற்றோரை இழந்த எவராலும் அந்த அழைப்பை எளிதாகத் தட்டியிருக்க முடியாது. வாங்கியவர்களை மூடர்கள் என்று உங்கள் கூட்டத்தில் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

விற்றவர்களின் கணக்கு வேறு. பிராண்டன்பர்க் அரச குடும்பத்து இளைஞரான ஆல்பிரெக்ட், இரண்டு மறைமாவட்டங்கள் கையிலிருக்கும்போதே மைன்ஸ் பேராயர் பதவியையும் பெறுவதற்காக ரோமுக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தது. அதை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வங்கியில் கடனாக வாங்கினார். சீட்டு விற்ற பணத்தில் பாதி ரோமில் புனித பேதுரு ஆலயத்தின் கட்டுமானத்துக்கும், மறுபாதி இந்தக் கடனை அடைப்பதற்கும் போயிற்று. ஃபிரடெரிக் தம் எல்லைக்குள் விற்பனையைத் தடுத்திருந்ததால், விட்டன்பர்க் மக்கள் எல்லை கடந்து போய் வாங்கி வந்தார்கள். வாங்கி வந்ததை, அவ்வூரில் குருவாகவும் பேராசிரியராகவும் இருந்த லுத்தரிடமே காட்டினார்கள்.

1517இல் அவர் லத்தீனில் எழுதிய 95 வாசகங்களில் முதலாவது பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ‘மனந்திரும்புங்கள்’ என்று இயேசு சொன்னபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே கருதினார் என்கிறது அது. லத்தீன் வேதாகமத்தில் அந்த வசனம் ‘தவமுயற்சி செய்யுங்கள்’ என்ற பொருளும் தருவது. அதற்கு முந்தின ஆண்டு எராஸ்மஸ் என்ற அறிஞர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, மூலச்சொல்லின் பொருள் மனம் மாறுதல் என்று காட்டியிருந்தது. தமிழ் வேதாகமம் படித்து வளர்ந்த உங்களுக்கு ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லிலேயே இது தெளிவாக இருக்கிறது. ஐரோப்பா அந்தத் தெளிவுக்கு ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஹுஸ் எரிக்கப்பட்டார், லுத்தர் பிழைத்தார். இடையில் அச்சு இயந்திரம் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவருக்கு ஓர் அரசரின் பாதுகாப்பு இருந்தது. 1521 ஏப்ரலில் வொர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னால், வேத வசனத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தவறு என்று காட்டப்பட்டாலன்றி எழுதியதைத் திரும்பப் பெறமாட்டேன், என் மனச்சாட்சி தேவவசனத்தால் சிறைப்பட்டிருக்கிறது என்றார். நீங்கள் சொல்லும் சுதந்திரமும் அவர் சொன்ன சிறைப்பாடும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஃபிரடெரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார். அங்கே சில வாரங்களில் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வெளியாயிற்று.

அதைக் கேட்டும் படித்தும் எழுந்தவர்கள்தான் அந்த விவசாயிகள். 1525 மார்ச்சில் மெமிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதி அச்சிட்டார்கள். செபாஸ்டியன் லோட்சர் என்ற தோல் தொழிலாளியும் அவ்வூர்ப் போதகரான ஷாப்பெலரும் அதில் முன்நின்றதாகக் கருதப்படுகிறது. தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலில் கேட்டார்கள். ஆடு மேய்ப்பவனையும் மேட்டுக்குடியினரையும் கிறிஸ்து தம் இரத்தத்தாலே ஒன்றுபோல் மீட்டிருக்க, எங்களை அடிமைகளாக வைத்திருப்பது எப்படி என்று மூன்றாவது கோரிக்கையில் கேட்டார்கள். பன்னிரண்டாவதில், இவற்றில் எதுவாயினும் வேதத்துக்கு முரணென்று வேதத்தைக் கொண்டே காட்டினால் அதைக் கைவிடுவோம் என்றார்கள். வொர்ம்ஸில் லுத்தர் வைத்த அதே நிபந்தனை!

லுத்தர் முதலில் பிரபுக்களின் பேராசையைத்தான் கடிந்தார். கூடவே, ஆத்துமாவுக்குரிய விடுதலையை உடலுக்குரியதாக்குகிறீர்கள் என்று விவசாயிகளையும் கண்டித்தார். கலவரமும் தீவைப்பும் பரவியபின், அவர்களை வெட்டுங்கள், குத்துங்கள், வெறிநாயைக் கொல்வது போலக் கொல்லுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில், போதகர் தாமஸ் மூன்ட்சர் தலைமையில் திரண்ட விவசாயிகள் படை சில மணி நேரத்தில் அழிக்கப்பட்டது. தம் உயிரைக் காத்த அரசதிகாரம் குலைந்தால் சுவிசேஷமும் குலையும் என்று லுத்தர் நம்பினார் என விளக்கம் சொல்லலாம். அது அந்த வாக்கியங்களை நியாயப்படுத்தாது. 1543இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி அவர் எழுதியதையும் மறைக்க வேண்டாம்.

என் பார்வையில், சீர்திருத்தத்தின் பின்விளைவுகளைத் தீர்மானித்த ஆண்டு 1517 அல்ல, 1525. அதற்குப் பிறகு ஜெர்மனியின் பெரும்பகுதியில் போதகரை நியமிக்கும் அதிகாரம் சபைக்கு வரவில்லை, மன்னரிடம் போயிற்று. மடங்களின் சொத்தும் பெரும்பாலும் அவரிடம் சேர்ந்தது. 1555இன் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, நாட்டை ஆள்பவரின் மதமே நாட்டின் மதம் என்று உறுதி செய்தது. பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற குழுவினருக்கு அதில் இடமே இல்லை. அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ட்ஸை 1527இலேயே, சீர்திருத்தம் ஏற்ற சூரிக் நகரம் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றிருந்தது.

அதே ஏற்பாட்டின் வழியாகத்தான் உங்கள் சபையும் பிறந்தது. 1706இல் மிஷனரிகளான சீகன்பால்குவையும் புளுட்சோவையும், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக். அனுப்ப அவருக்கு அதிகாரம் இருந்தது, அவர் தம் நாட்டுத் திருச்சபைக்கும் தலைவராக இருந்ததால். அங்கிருந்த டேனியத் தளபதியோ இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். ஆனாலும் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. வார்ட்பர்க் கோட்டையில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. அதற்கு நான் மனமார நன்றியுள்ளவன்.

ஆகவே உங்களுக்கும் தங்கைக்கும் இடையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வொர்ம்ஸில் லுத்தர் சொன்ன பதிலை அக்டோபர் 31 அன்று நீங்கள் வாசியுங்கள். அதையடுத்து மெமிங்கனின் பன்னிரண்டாவது கோரிக்கையை உங்கள் தங்கை வாசிக்கட்டும். பிறகு வாலிபர்கள் கேள்வி கேட்பார்கள்; அரை மணி நேரம் போதாது என்பதை மட்டும் உங்கள் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.