யுகத்தான் காட்டில் ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் உள்ள கான்கூன், பிளாயா தெல் கார்மென் பகுதிகளுக்குச் செல்வோர், காட்டுப் பாதையில் ஏடிவி எனப்படும் நான்கு சக்கரத் திறந்த வண்டி ஓட்டுவதையும், ஜிப்லைன் எனப்படும் கம்பிவடத்தில் தொங்கிச் செல்வதையும், செனோட்டே எனப்படும் பாறைக் குளத்தில் நீந்துவதையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: செனோட்டேயில் இறங்கும்போது சன்ஸ்கிரீன் பூசியிருக்கக் கூடாது என்கிறார்களே! பவளப்பாறைக்குத் தீங்கில்லை என்று அச்சிட்டதைப் பூசலாமா?

அதையும் தவிர்த்துவிடுங்கள். யுகத்தான் தீபகற்பம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. பெய்யும் மழை பாறை இடுக்குகளின் வழியே உடனே இறங்கிவிடுவதால், அதன் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறுகள் இல்லையென்றே சொல்லலாம். நீர் பாறைக்கு அடியில் குகைகளின் ஊடாக ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் அது வெளிச்சத்துக்கு வருவதே செனோட்டே. சிச்சென் இட்சா போன்ற மாயர் நகரங்கள் இந்த நீரை நம்பியே வாழ்ந்தன. இன்றும் அப்பகுதி மக்களின் குடிநீர் இந்த நிலத்தடி நீரிலிருந்துதான் வருகிறது. நாம் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் போகும் குளம், அவர்களுக்குக் கிணறு என்பதை மறந்துவிடக் கூடாது.

சன்ஸ்கிரீன் மட்டுமல்ல, கொசு விரட்டும் களிம்பு, வாசனைத் திரவியம், தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் எல்லாமே அந்த நீரில்தான் கலக்கும். அலையில்லாத குளத்தில், எண்ணெய் தடவிய ஒருவர் இறங்கினாலே நீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே முதல் நாள் இரவே தலைக்குக் குளித்துவிடுங்கள்; வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை அணிந்துகொள்ளுங்கள்; காலையில் ஏதேனும் பூசியிருந்தால், இறங்குமுன் அங்குள்ள ஷவரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், அது மிகச் சரியான விதி.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. அறுபது வயதான அம்மாவும் உடன் வருகிறார். தண்ணீரில் இறங்கலாமா?

லைஃப் ஜாக்கெட்டுடன் இறங்கலாம். ஆனால் இது நன்னீர் என்பதால் கடல்நீரைப் போல உடலைத் தூக்கிக் கொடுக்காது. ஓரத்திலேயே ஆழம் சட்டென்று கூடிவிடும் குளங்களும் உண்டு. ஜாக்கெட்டின் வார்களை எல்லாம் இறுக்கியபின், வேறொருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள்; அது மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரியது, மாற்றிக் கேளுங்கள். நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24, 25 டிகிரிதான் என்பதால், வெயிலிலிருந்து வந்தவுடன் குதிக்காமல் அம்மா ஏணி வழியாக மெல்ல இறங்கட்டும். இதய நோய் இருந்தால், புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுவிடுவது அவசியம்.

கேள்வி: ஊரில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கம். ஏடிவி ஓட்டுவது எளிதுதானே?

அந்தப் பழக்கமே சில நேரம் ஆபத்தாகிவிடும். ஸ்கூட்டர் தடுமாறினால் காலை ஊன்றுவோம். ஏடிவியில் அப்படி ஊன்றினால் பின்சக்கரம் காலின்மேல் ஏறிவிடும். எது நேர்ந்தாலும் பாதங்கள் மிதிப்பலகையிலேயே இருக்க வேண்டும். நான்கு சக்கர வண்டி தானாகச் சாயாது என்பதால், வளைவில் வேகத்தைக் குறைத்து, உடலின் எடையைத் திரும்பும் பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். முன்வண்டிக்குப் போதிய இடைவெளி விடுங்கள். மழையில்லாத மாதங்களில் புழுதியும், மழைக்காலத்தில் சேறும் நேராக முகத்தில் அடிக்கும். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, மூக்கை மறைக்கும் துணி ஆகிய மூன்றும் வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள். கையெழுத்திடுமுன், வண்டி சேதமானால் யார் பணம் கட்டுவது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பயணக் காப்பீடுகள் பல ஏடிவி விபத்தை ஏற்பதில்லை என்பதால் உங்களுடையதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜிப்லைனுக்குத் துப்பட்டாவும் தாலிச் சங்கிலியும் தடையாகுமா?

துப்பட்டா கூடவே கூடாது. கப்பியில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. சங்கிலியைக் கழற்ற மனமில்லையென்றால் உள்ளாடைக்குள் ஊசி குத்தி நிறுத்திக்கொள்ளுங்கள். கூந்தலைப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். கையால் பிரேக் பிடிக்கச் சொல்லும் இடமானால், கையுறை அணிந்த கை எப்போதும் கப்பிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிவு செய்யும்போதே கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் குளத்தில் இறங்குமுன் அதைக் கழற்றிவிடுங்கள். நன்னீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் லென்ஸுக்கு அடியில் தங்கிக் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

கேள்வி: அந்தக் காட்டில் தொடக் கூடாத மரம் ஏதும் உண்டா?

உண்டு, செச்சேன் என்பது அதன் பெயர். நம் ஊர்ச் சேங்கொட்டையும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டையில் கருநிறப் பால் வடிந்த கறை தெரியும். அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வழிகாட்டி சொல்லாமல் எந்த மரத்திலும் சாயாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மதிய உணவுக்கு என்ன செய்வது?

அரிசியும் பீன்ஸும் சோள ரொட்டியும் கிடைக்கும். ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கு மாந்தேகா என்று பெயர். ‘சின் மாந்தேகா’, அதாவது அது சேர்க்காமல் வேண்டும் என்று பதிவின்போதே எழுதிவிடுங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல், விளையாட்டுகள் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இலேசாக முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.