டேனரிக்காரர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஆம்பூர் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 2021 கடைசியில் பாலாற்றில் பெரிய வெள்ளம் போனதே, அதற்கு அடுத்த சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. இப்போது மாடுகூட வாய் வைப்பதில்லை, குரும்பையெல்லாம் உதிர்கிறது. தோப்புக்கு மேற்கே நான்கு டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். ஒரு முதலாளி மட்டும் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். மற்றவர்கள், 'எங்கள் தண்ணீர்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?' என்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, சாட்சிக்கு யாரும் வரமாட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் போடலாம் என்கிறார் தெரிந்த வக்கீல். இறந்துபோன அப்பாவின் பெயர் பழைய நஷ்ட ஈட்டுப் பட்டியலில் இருந்ததாகவும் கேள்வி. என்ன செய்யலாம்? யாரையாவது ஜெயிலில் போட முடியாதா?

பதில்: முதலில் பத்திரம். நீங்கள் அனுப்பிய நகலில் இரண்டு வரிகள் முக்கியம். 'இனி எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன்' என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம். வழக்குப் போடும் உரிமையை அடியோடு பறிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த வரிக்கு மேலே, ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறதே, 'சேதத்துக்கான முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி, அதுதான் வில்லங்கம். அதில் கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கிவிட்டால், பிறகு அவரிடம் பத்து ரூபாய் கேட்பதுகூடக் கஷ்டம். போடாதீர்கள். ஆனால் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பே இல்லை என்று நாளைக்கு அவர் சொன்னால், பிறகு எதற்கு ஒன்றரை லட்சம் தர வந்தீர்கள் என்று கேட்கலாமே.

முன்சீப் கோர்ட் வேண்டாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 29-ஆம் பிரிவு இந்த வகை நஷ்ட ஈட்டை உரிமையியல் நீதிமன்றம் விசாரிப்பதைத் தடுக்கிறது. நீங்கள் போகவேண்டிய இடம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சென்னையில் இருக்கிறது.

அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தேதி. கழிவை நிறுத்தச் சொல்லி 14-ஆம் பிரிவில் போவதென்றால் ஆறு மாதம்தான் கெடு. அது உங்களுக்கு எப்போதோ போய்விட்டது என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். நஷ்ட ஈடும் நிலத்தைச் சீர்செய்து தருவதும் 15-ஆம் பிரிவில் வரும், அதற்கு ஐந்து வருடம். தகுந்த காரணம் இருந்தால் 60 நாள் கூடுதல். பாதிப்பு 'முதலில்' ஏற்பட்ட நாளிலிருந்து கணக்கு. 2022 சித்திரை என்றால் 2027 சித்திரையோடு முடிகிறது. நம் ஊர் மனுக்களில் ஒரு வழக்கம் உண்டு: இரக்கம் வரட்டும் என்று 'பல ஆண்டுகளாகப் பாழாகிக் கிடக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடி கேட்பார்கள். நடந்தது நடந்த தேதியோடு இருக்கட்டும்.

'எங்கள் தண்ணீரா?' என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே பணம் கட்டவேண்டும் என்ற கொள்கையைத் தீர்ப்பாயம் பின்பற்றவேண்டும். சேதத்தை ஒரே ஆலையின் தலையில் கட்ட முடியாவிட்டால், 17-ஆம் பிரிவுப்படி தீர்ப்பாயம் பொறுப்பை நியாயமாகப் பங்குபோட்டுக் கொடுக்கலாம். அதனால் நான்கு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒன்றரை லட்சக்காரரை விட்டுவிடாதீர்கள்.

ஊரார் சாட்சி வராவிட்டாலும் தண்ணீர் சாட்சி சொல்லும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கிணற்று நீரையும் மண்ணையும் கொடுங்கள். எல்லாரும் தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியம், குரோமியம் என்பார்கள், செய்தியில் அதுதான் எடுபடும். ஆனால் தென்னையைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. தோல் கெடாமலிருக்க அள்ளிப்போடும் உப்புதான் கழிவோடு மண்ணில் இறங்குகிறது. எனவே டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்), குளோரைடு, சோடியம் மூன்றையும் கட்டாயம் கேளுங்கள், குரோமியம் கூடவே இருக்கட்டும். குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து நீர்ச் சட்டத்தில் குற்ற வழக்கு நடத்த முடியாது, அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே முறைப்படி எடுக்கவேண்டும். தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாததால் அங்கே தாக்கல் செய்யலாம். நான்கு ஆலைகளின் இசைவாணை (ஆலை நடத்த வாரியம் தரும் அனுமதி), ஆய்வு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.

தீர்ப்பாயத்தில் மனுப் போட, கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை.

யாரையாவது ஜெயிலில் போட முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் சிறைத்தண்டனைகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. அந்த அபராதமும் உங்கள் கைக்கு வராது. பாதிக்கப்பட்டவருக்குப் பலன் நஷ்ட ஈட்டு வழியில்தான்.

அப்புறம் அப்பாவின் பட்டியல். இதை லேசாக விட்டுவிடாதீர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் தோல் ஆலை வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே பணம் கட்டவேண்டும்' என்பதை நாட்டின் சட்டமாக அறிவித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, ஆனாலும் சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. குடும்பத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம்கூட வராத தொகை, அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கியை அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது.

ஆகவே அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய சர்வே எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும் பழைய கோப்புகள் வேலூரில் இருக்கலாம். இரண்டு இடத்துக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.