டயர் வேனுக்கு மின்சாரம்: கம்ப்ரசரில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வி: நடமாடும் டயர் கடைக்காகச் சிறிய சரக்கு வேனில் 2 எச்.பி. கம்ப்ரசர், டயர் கழற்றும் மிஷின், வீல் பேலன்சிங் மிஷின் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் ஓடுகின்றன. கம்ப்ரசரைப் போட்டால் மட்டும் 3 கேவிஏ இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடுகிறது. 5 கேவிஏ வாங்கட்டுமா? (நாமக்கல் வாசகர்)

அவசரப்பட்டுப் பணத்தைப் போடாதீர்கள். 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர்தான் எடுக்கும். அதை 3 கேவிஏ தாங்கும். கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. இன்வெர்ட்டர் மடங்கிப்போவது அங்கேதான்.

டேங்க் நிறைந்து மோட்டார் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் அருகே காது கொடுங்கள். ‘புஸ்’ என்று சிறிது காற்று வெளியேற வேண்டும். பிஸ்டன் தலைப்பில் தேங்கிய காற்றை வெளியே விடும் சிறிய வால்வின் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் அந்த வால்வ் அடைத்திருக்கலாம். அடுத்த முறை மோட்டார் அத்தனை அழுத்தத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். வால்வைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரையும் ஒருமுறை சோதியுங்கள்.

அப்படியும் கிளம்பவில்லையென்றால், கம்ப்ரசரில் 230 வோல்ட் டெல்டா இணைப்பில் ஓடும் மூன்று பேஸ் மோட்டார் பொருத்தி, சிங்கிள் பேஸில் இயங்கும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாகக் கொடுங்கள். சில நொடிகளில் மெல்ல வேகமெடுக்கும்; கிளம்பும்போது வரும் அந்தப் பெரிய இழுப்பு இருக்காது. பெரிய இன்வெர்ட்டரைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடேறும்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 2 கிலோவாட் எடுக்கிறேன். கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. (திண்டுக்கல் வாசகர்)

சுடத்தான் செய்யும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் அந்தக் கேபிளில் ஏறத்தாழ 185 ஆம்பியர் ஓடுகிறது. அதே வேலையை 48 வோல்ட்டில் செய்தால் 46 ஆம்பியர் போதும். புதிதாக வேன் கட்டுபவர்கள் 48 வோல்ட்டில் தொடங்குங்கள். இருப்பதை வைத்தே ஓட்டுவதென்றால் 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டு, நீளத்தை இயன்றவரை குறைத்து, கேபிள் முனையில் மாட்டும் லக்குகளைக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பிடிக்க வைத்து) இறுக்குங்கள். பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வேன் குலுங்கிக் குலுங்கிக் கேபிள் தோல் தகரத்தில் உரசிக் கிழிந்தால், தீயைத் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

கேள்வி: மழைக்காலத்தில் ஜெனரேட்டரை வேனுக்குள்ளேயே வைத்து, பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டலாமா?

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை சுற்றுவதை உணரும்போது எழுந்து நடக்கக்கூட வலுவிருக்காது. உள்ளே உட்கார்ந்து டியூப் ஒட்டும் பையனை நினைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரைக் கீழே இறக்கி, தள்ளி, புகை வேன் பக்கம் வராதபடி வையுங்கள். மழைக்கு அதன்மேல் தனியாகக் கூரை போடுங்கள்.

கேள்வி: வண்டியின் டைனமோவே பேட்டரியை ஏற்றிவிடாதா?

துணைக்கு உதவும், அவ்வளவுதான். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அது முழுத் திறனைத் தராது. புதிய வண்டிகளில் அதன் வோல்டேஜும் ஏறி இறங்கும் என்பதால் வோல்டேஜைச் சீராக்கித் தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் லித்தியம் பேட்டரியை இணைக்காதீர்கள். இரவில் வீட்டுப் பிளக்கில் ஏற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: நெடுஞ்சாலையில் லாரி டயர்களும் பார்க்க ஆசை. எவ்வளவு பேட்டரி வேண்டும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

காருக்கு 30, 35 பவுண்டு காற்று போதும். லாரிக்கு 100 பவுண்டுக்கு மேல் வேண்டும், டயரின் கொள்ளளவும் பல மடங்கு. சக்கர நட்டைக் கழற்றும் ஒரு அங்குல ஏர் கன் குடிக்கும் காற்று வேறு. இந்த வேலைக்குப் பேட்டரியைத் தேடாதீர்கள். பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜினிலேயே ஓடும் டூ ஸ்டேஜ் (காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும்) கம்ப்ரசர் வாங்குங்கள். பேட்டரிக்கு விளக்கும் சிறு கருவிகளும் மட்டும் மிஞ்சும்.

கார் வேலை மட்டும் என்றால், கம்ப்ரசர் நாளில் மொத்தம் 40 நிமிடம் ஓடினால் 1.3 யூனிட் செலவாகும். 48 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 5 யூனிட் இருக்கும், தாராளம். ஆனால் யாரும் காற்று எடுக்காதபோது கம்ப்ரசர் தானாகக் கிளம்புகிறதென்றால் எங்கோ கசிகிறது. டியூபில் பஞ்சர் பார்க்கிறீர்களே, அதே சோப்பு நீரை ஹோஸ் இணைப்புகளிலும் டேங்கின் அடிக்குழாயிலும் வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.