ஆவாரை பூக்கிறது, காய்க்கவில்லை – கடிதம்

வணக்கம். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு வேலியோரம் முழுக்க ஆவாரை. பூவுக்குக் குறைவில்லை, காய்தான் அரிது. தேன்பெட்டி வைத்தும் காய் கூடவில்லை. சரிவில் விதைக்க விதை வேண்டும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், நகரி

அன்புள்ள வாசகருக்கு,

பெட்டித் தேனீயால் ஆவாரைக்குப் பெரிய பயன் இல்லை. அந்தப் பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சுலபத்தில் வராது. மகரந்தப்பை பிளப்பதில்லை, நுனியில் சிறு துளைதான். உப்புக்குப்பியைப் போல் குலுக்கினால்தான் கொட்டும்.

குலுக்குவது கருவண்டு, அதாவது மரத்தைக் குடையும் பெரிய கறுப்புத் தேனீ. பூவைக் காலால் கவ்வி, இறகை மடக்கியபடியே மார்புத்தசையை அதிரவைக்கும். பறக்கும்போது வருவதைவிடக் கீச்சென்ற ஒலி அப்போது கேட்கும். நம் தேனீக்களுக்கு இது வராது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும்.

காலை வெயில் ஏறும்முன் வேலியோரம் நின்று கேளுங்கள். அந்தக் கீச்சொலி இல்லையென்றால் கையால் செய்து பாருங்கள். அன்று விரிந்த பூவில், அடியிலுள்ள நீண்டு வளைந்த மகரந்தப்பையின் நுனிக்குக் கீழே கறுப்புக் காகிதம் பிடியுங்கள். பேட்டரியில் ஓடும் பல்துலக்கியின் முதுகைப் பையில் ஓரிரு நொடி தொடவிட்டால் மஞ்சள் தூள் விழும். அதை வேறொரு செடியின் பூவில், வளைந்த சூல்தண்டின் நுனியில் தடவி நூல் கட்டி வையுங்கள். மேலே உள்ள மூன்று மகரந்தக் கேசரங்கள் மலடு, அவற்றில் மெனக்கெட வேண்டாம். நூல் கட்டியவை காய்த்து மற்றவை உதிர்ந்தால் குறை வண்டில்தான்.

வண்டு ஏன் இல்லை? பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் குடைந்துதான் அது கூடு வைக்கும். தோப்பைச் 'சுத்தம்' செய்கிறவர்கள் முதலில் விறகாக்குவது அவற்றைத்தான்! பட்டுப்போன கிளைகள் சிலவற்றை விட்டுவையுங்கள். மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் வண்டையும் கொல்லும். பூ மலர்ந்திருக்கும்போது அடிக்கவே வேண்டாம்.

பூவை டீக்காக யாரும் பறித்துப் போகிறார்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் வண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

காய் பழுப்பானதும் பறித்து உலர்த்துங்கள். துளை விழுந்த விதையை வேறொரு சிறு வண்டின் புழு தின்றிருக்கும் (கருவண்டு அல்ல), ஒதுக்குங்கள். விதைத்தோல் கடினம், கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுதும் ஊறியபின் விதையுங்கள். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவிடலாம்.