கணவர் குடியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. அவர் மனம் நோகாமல் 'இதுக்கு மேல என்னால முடியாது' என்று எப்படிச் சொல்வது?

என் வீட்டுக்காரர் சிகிச்சை முடித்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் சில மாதம் வீட்டில் நான் போலீஸ் ஏட்டு மாதிரிதான் இருந்தேன். கதவைத் திறந்ததும் வாயை மோந்து பார்ப்பேன். வண்டி சீட்டுக்கு அடியில், ஃப்ளஷ் டேங்கில், அரிசி டிரம்மில் எல்லாம் கைவிட்டுத் துழாவுவேன். மதியம் 12 மணி, டாஸ்மாக் திறக்கும் நேரம் ஆனால் போன் பண்ணி "சாப்டாச்சா?" என்பேன். நான் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

குடும்பத்தாருக்கான வகுப்பில் ஆலோசகர் ஒருநாள் கேட்டார்: "அவர் என்ன செய்யக்கூடாதுன்னே சொல்லிட்டிருக்கீங்க. நீங்க என்ன செய்வீங்கம்மா?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் குடிப்பதும் குடிக்காததும் என் கையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிபன் முடிந்து அவர் தெளிவாக இருக்கும்போது சொன்னேன். (போதையில் இருப்பவரிடம் பேசுவது வீண்.) ஆபீசுக்குப் போன் பண்ணி 'அவருக்கு ஜுரம்' என்று இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். குடிக் கடனை என் சம்பளத்தில் அடைக்க மாட்டேன். குடித்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி நானும் பாப்பாவும் பெரம்பூரில் அக்கா வீட்டில். அவர் தலையாட்டினார். மாமியார்தான் கொதித்தார்: "திருந்தி வர்ற புள்ளைக்குக் கண்டிஷன் போடறியா?"

நாலாவது மாதம் ஒரு ரிசப்ஷன் முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றத் தடுமாறினார். நான் கத்தவில்லை. பாப்பாவின் யூனிஃபார்மைப் பையில் போட்டு, "காலைல பேசலாம்" என்று மட்டும் சொல்லி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கை நடுங்கியது. இரண்டு நாள் கழித்து அவராகவே ஆலோசகரிடம் போனார். போகாமலும் இருந்திருக்கலாம். அப்படியே இருந்திருந்தாலும் நான் கிளம்பியது சரிதான்.

சொல்லிவிட்டுச் செய்ய முடியாததைச் சொல்லவே சொல்லாதீர்கள். நான் எத்தனை முறை 'டைவர்ஸ்' என்று மிரட்டியிருக்கிறேன்! கடைசியில் அவர் காதில்கூட அது விழவில்லை.

இன்னொன்று: அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்தும் மாத்திரை கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதத்தோடு டாக்டர்தான் கொடுக்க வேண்டும். அடி உதை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்காக அல்-அனான் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், அது குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. போதை மீட்பு ஆலோசனைக்கு அரசின் 14446 எண் இருக்கிறது.

மோந்து பார்ப்பதை மட்டும் என்னால் இன்னும் முழுசாக விட முடியவில்லை. போன வாரம் லேட்டாக வந்தவர், நான் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "ஹா" என்று ஊதிக் காட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.