கரண்ட் போய் வந்ததும் கடன் கணக்கைக் காணவில்லை

கேள்வி: வலை, நைலோன் நூல், மிதவை விற்கும் கடை எங்களுடையது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து மீனவர்களின் கடன் கணக்கு முழுக்க அப்பா காலத்து விண்டோஸ் 98 கொம்பியூட்டரில், டொஸ் பொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தளப் புரோகிராமில் இருக்கிறது. போன கிழமை கரண்ட் போய் வந்த பிறகு திகதி 1998 ஜனவரி 1 என்று காட்டுகிறது. புரோகிராமைத் திறந்தால் ‘நொட் எ டேபிள்’ என்று வந்து நிற்கிறது. அப்பா வைத்திருந்த புரோகிராம் சீடியை மகனின் விண்டோஸ் 11 லப்டொப்பில் போட்டோம், ஓடவேயில்லை. புரோகிராமை எழுதித் தந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். கணக்கு போய்விட்டதா?
— வாசகி, திருகோணமலை

பதில்: போயிருக்காது, தங்கச்சி. ஆனால் இனி அந்தக் கொம்பியூட்டரைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். புரோகிராம் வேறு, கணக்கு வேறு. கணக்கு இருப்பது டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில். முதலில் அவற்றை வெளியே எடுக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈ - யூஎஸ்பி அடப்டர் (பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் கருவி) ஒன்றில் மாட்டி, மகனின் லப்டொப்பில் செருகுங்கள். விண்டோஸ் 98 டிஸ்க்கை விண்டோஸ் 11 வாசிக்கும். பொக்ஸ்புரோ இருக்கும் ஃபோல்டரை அப்படியே, ஒரு கோப்பும் விடாமல், இரண்டு இடத்தில் கொப்பி பண்ணி வையுங்கள். மற்ற எல்லாம் கொப்பியில்தான்.

திகதிக் கோளாறு சின்ன விஷயம். போர்டில் சிஆர்2032 என்ற வட்டப் பற்றரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் ஓடியிருக்கும், போனதும் மறந்துவிட்டது. புதியதைப் போட்டுத் திகதியைச் சரிபண்ணுங்கள். இல்லாவிட்டால் புதிதாகப் போடும் பில் எல்லாம் 1998இல் போய் உட்காரும். மூடி திறந்த கையோடு உள்ளே இருக்கும் ராம் மெமரிக் கார்டின் பித்தளை நிறக் கால்களையும் அழிறப்பரால் தேய்த்துவிடுங்கள். நம்முடைய உப்புக் காற்று அதைச் சும்மா விடாது.

‘நொட் எ டேபிள்’தான் முக்கியமானது. டிபிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் 32 பைட்டில் ஒரு தலைப்பு உண்டு: எத்தனை பதிவு (அட்டவணையின் ஒரு வரி), தலைப்புப் பகுதி எவ்வளவு நீளம், ஒரு பதிவு எவ்வளவு நீளம் என்று அங்கே எழுதியிருக்கும். கோப்பு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் கெடுவது அதுதான். கீழே பெயரும் தொகையும் வரிசையாக அப்படியே கிடக்கும். அதனால் கணக்குப் போட்டே திருத்தலாம். உதாரணமாக, 12 புலம் (பெயர், தொகை போன்ற பத்தி) உள்ள அட்டவணைக்குத் தலைப்புப் பகுதி முழுவதும் 417 பைட் (தொடக்கத்து 32, புலத்துக்கு 32 வீதம் 384, முடிவுக்கு 1). ஒரு பதிவு 120 பைட், கோப்பு 361,138 பைட் என்றால், 417ஐயும் கடைசியில் வரும் முடிவுக் குறி ஒன்றையும் கழித்து 120ஆல் வகுக்க 3,006 வரும். அதுதான் பதிவு எண்ணிக்கை. ஹெக்ஸ் எடிட்டர் (கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் மென்பொருள்) தெரிந்த பெடியன் யாராவது அந்த எண்ணைத் தலைப்பில் எழுதித் தருவான். அப்புறம் லிப்ரே ஒஃபிஸ் கல்க் என்ற அட்டவணை மென்பொருளில் திறந்தாலே கடன்காரர் பெயர்கள் தெரியும். பார்ப்பதோடு நிறுத்துங்கள், அதிலிருந்து டிபிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டாம். யாராவது ‘பேக்’ கட்டளை கொடுக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். அழித்ததாகக் குறித்த பதிவுகளை அது நிரந்தரமாக நீக்கிவிடும்.

விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். பழைய டொஸ் புரோகிராம் அதில் நேரே ஓடாது. டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓடவிடுங்கள், பிரிண்ட் எடுக்கவும் வழி உண்டு. புரோகிராமில் ‘ரீஇன்டெக்ஸ்’ (தேடல் வரிசையைப் புதிதாக அமைக்கும் கட்டளை) இருந்தால் ஒருமுறை கொடுங்கள்.

கரண்ட் போன அன்றைக்குப் போட்ட கடைசிப் பில்கள் மட்டும் பதிவாகாமல் இருக்கலாம். அவற்றைக் கார்பன் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் கையால் ஏற்றுங்கள். யாராவது அன்று காசு கட்டியிருந்தால் அதை முதலில் பாருங்கள். கட்டின கடனை இன்னொரு தடவை அவரிடம் கேட்கக் கூடாது.